மேற்படி

ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டுப் பேர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். குற்றம் கண்ணாடியில் இல்லை. புதுக் கணக்கெடுப்பை ஏற்றிய கணினித் திரையில் நேற்றுவரை இருந்த பச்சைப் புள்ளியைக் காணோம். அந்த இடம் சாம்பலாகக் கிடந்தது.

பள்ளிக்கூடங்களுக்கு நிலவரைபடப் புத்தகம் போடும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக உலகத்துக்கு வர்ணம் பூசுவதுதான் அவர் வேலை. மலையும் மழையும் பிறத்தியார் பாடு. நாற்பத்தோராம் பக்கம், உலக மதங்கள், அவருடையது. பெரிய மதங்களைப் பற்றிக் கவலையே இல்லை, கண்டம் விட்டுக் கண்டம் தாவித் தாராளமாகப் பரவிக் கிடக்கும். அடுத்தது ஒன்றிரண்டு நாடுகளோடு நின்றுவிட்டவை. கடைசியில், பிறந்த இடத்தைவிட்டு நகராத சின்ன மதங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. பத்தாயிரம் பேருக்குக் குறைந்தால் புள்ளியும் கிடையாது, ‘மற்றவை’ என்று சாம்பல் நிறத்தில் சேர்த்துவிட வேண்டியது. பக்கம் அம்மை போட்ட முகம்போல் இருக்கிறதென்று எட்டு வருடம் முன்பு அந்த விதியை எழுதியவரே அவர்தான்.

அவர் மனைவி அந்தப் பச்சைப் புள்ளியிலிருந்து வந்தவள். ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு, அதைச் சுற்றிச் சில ஊர்கள். வேறெந்த நாட்டிலும் அவர்கள் இல்லை. பஸ் ஓட்டுகிற அவளுடைய அண்ணன் ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு பிரதி வாங்குவார். வேறு பக்கத்தைப் புரட்டியதாகச் சரித்திரமே இல்லை. கடுகளவுப் புள்ளியைக் கண்டக்டருக்குக் காட்டி, “பாத்தியா, உலகத்துல நாங்களும் இருக்கோம்” என்பார்.

இவர் எழுந்து துறைத்தலைவி அம்மாவின் அறைக்குப் போய் நின்றார்.

“மேடம், ரெண்டே ரெண்டு பேருதான் கொறையுது. புள்ளிய விட்டுரலாமே?”

“இன்னிக்கு ரெண்டும்பீங்க, நாளைக்கு இன்னொருத்தர் இருநூறும்பாரு. விதியப் போட்டதே நீங்கதான் சார்.”

இடத்துக்குத் திரும்பினார். யார் அந்த இரண்டு பேர்? செத்தவர்களா, ஊரைவிட்டுப் போனவர்களா, சாமியை மாற்றிக்கொண்டவர்களா? சும்மா ஒரு எரிச்சலில்தான் அப்படி யோசித்தார். யோசித்த அடுத்த நொடி தன் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது.

கணக்கெடுப்புக்கு ஆள் வந்த அன்று நல்ல மழை. மகளுக்குக் காய்ச்சல், மனைவி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். இவருக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நனைந்துகொண்டு நின்ற பெண் கேட்டாள், “மதம்?” தன்னுடையதைச் சொன்னார். “மத்த ரெண்டு பேருக்கும்?” ஷூ நாடாவை முடிந்துகொண்டே சொன்னார், “மேற்படின்னு போட்டுக்கங்கம்மா.” அவளும் விட்டது தொல்லை என்று எழுதிக்கொண்டு போனாள்.

உலகத்து மதங்களையெல்லாம் நூல் பிசகாமல் வகை பிரிக்கிற மனுஷன் சொந்த வீட்டைப் பிரித்த லட்சணம் அது. அவள் அவளாகவே இருக்கட்டும், பிறக்கிற பிள்ளையும் அவள் பக்கம்தான் என்று கல்யாணத்தன்று அவள் அண்ணன் கையைப் பிடித்துச் சொன்னவர் இவர். ஒரு வார்த்தையில் இரண்டு பேரை அழித்திருந்தார்.

சாயங்காலம் வீட்டில் நுழைந்தபோது மச்சான் ஃபோனில் இருந்தார். மனைவி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் பழைய பதிப்பின் நாற்பத்தோராம் பக்கத்தை விரித்து வைத்து வீட்டுப்பாடம் எழுதினாள்.

“மாப்ள, புதுப் புத்தகம் எப்ப வருது? கண்டக்டரும் ஒண்ணு கேக்குறான்.”

“இந்தத் தடவ நம்ம புள்ளி வராது மச்சான்.” சொல்லிவிட்டார். “கணக்கு பத்தாயிரத்துக்குக் கீழ வந்துருச்சு.”

“என்னது?” என்றார் மச்சான், பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவே.

“எத்தன பேரு கொறையுது?” என்றாள் மனைவி.

ஐம்பது, நூறு என்று சொல்லியிருக்கலாம். யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

“ரெண்டு பேரு.”

“அட, ரெண்டே பேரா!” மச்சான் கத்தினார். “எந்த வீட்டுப் புண்ணியவான் மாப்ள அது? யாருன்னு மட்டும் தெரியட்டும், நானே நேர்ல போயி நாலு வார்த்த கேக்குறேன்.”

மனைவியின் கையிலிருந்த துணி பாதி மடிப்பில் நின்றது. அவள் மகளைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள்.

“கணக்கெடுக்க வந்த அன்னிக்கு நானும் இவளும் ஆஸ்பத்திரியில இருந்தோம். நீங்கதானே பதில் சொன்னீங்க?”

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. மகளின் முன்னால் கிடந்த புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, தேடாமலே அந்த இடத்தில் விரலை வைத்தாள். விரல் நுனிக்கு அடியில் புள்ளி முழுசாக மறைந்துபோயிற்று. அவள் விரலை எடுக்கவில்லை.

“ஹலோ, மாப்ள,” என்றது ஃபோன். “லைன்ல இருக்கீங்களா?”