ஏழாம் நிபந்தனை

மண் தள்ளும் இயந்திரம் வருவதற்கு முன்பே முத்தரசு கீழப்பொட்டலுக்கு வந்துவிட்டான். பைக்கை வேலிக்கருவை நிழலில் நிறுத்திவிட்டு மேடுகளை எண்ணினான். முப்பத்தொன்று. ஐப்பசி மழையில் பாதி அமுங்கி, மேலே புல்லும் முளைத்து, எது மேடு எது தரை என்றே சொல்ல முடியவில்லை. இவற்றில் ஏதோ ஒன்றில்தான் அவன் மனைவி பாண்டீஸ்வரி இருக்கிறாள். எதில் என்று அவனுக்குத் தெரியாது. பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் சமப்படுத்தி, நிலம் பழையபடி மேய்ச்சலுக்குத் திரும்பிவிட்டது என்று அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

காரைக்குடியில் நகரமைப்புப் பிரிவில் அவனுக்கு வேலை. சாதாரண காலமாக இருந்தால் மேய்ச்சல் புறம்போக்கை இடுகாடாக மாற்றுவது லேசுப்பட்ட காரியமா? கோப்பு சிவகங்கைக்கும் காரைக்குடிக்கும் மூன்று வருடம் நடையாய் நடக்கும். பேப்பரில் விளம்பரம், ஆட்சேபணைக்கு முப்பது நாள், அதற்கு மேல் யாராவது கோர்ட்டுக்குப் போனால் அத்தோடு சரி. கொரோனா இரண்டாம் அலை அடித்த அந்தச் சித்திரையில் எல்லா விதியும் ரப்பர் போல வளைந்து கொடுத்தது. கல்யாண மண்டபம் ஆஸ்பத்திரி ஆனது. பள்ளிக்கூடம் தனிமை முகாம் ஆனது. நகருக்குள் இருந்த இடுகாட்டில் இடமில்லாமல் போகவே, கீழப்பொட்டலை ஆறு மாதத்துக்கு மட்டும் இடுகாடாக்க மூன்றே நாளில் உத்தரவு தயாரானது.

அங்கே ஆடு மாடு மேய்த்துவந்த ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? பாதையில் மாட்டு வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டார்கள். அவர்கள் சார்பில் பேச வந்தவர் செம்மலை. அறுபது வயது, நூற்றிருபது ஆடு.

"பொதைக்கிறத நான் வேணாங்கல சார். ஆனா பேரு வச்சுப் பொதச்சா, வருசா வருசம் சேலையும் பலகாரமும் கொண்டாந்து படைப்புப் போட வந்துருவாக. படைப்பு விழுந்த மண்ணு சாமி எடமில்ல? அதுல நாங்க ஆட்ட எப்புடி மேய்க்கிறது?"

வேறு அதிகாரியாக இருந்தால் இது புரிந்திருக்காது. முத்தரசு இந்த மண்ணில் பிறந்தவன். சுமங்கலியாகப் போன பெண்ணுக்குப் புதுச்சேலை வைத்துக் கும்பிடும் வீடுதான் அவனுடையதும். ஜீப்பின் முன்பக்கத்தில் உத்தரவுத் தாளை வைத்து, அதில் இருந்த ஆறு நிபந்தனைகளோடு ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தான். கல் நடக்கூடாது, அடையாளம் கூடாது, குழிப் பதிவேட்டில் பெயருக்கான பத்தியே இருக்கக்கூடாது, எண்ணிக்கை மட்டும் போதும். வண்டி விலகியது. மேலதிகாரி முதுகில் தட்டி, "கெட்டிக்காரன்யா நீ" என்றார்.

அந்தப் பெருமை தாங்காமல் வீட்டுக்கு வந்து பாண்டீஸ்வரியிடம் சொன்னான். அவள் துவைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அப்ப அந்தச் சனம் எங்கன நிண்டு அழுகுறது? என்னத்தப் படிச்சீகளோ, போங்க."

"ஆறு மாசந்தானடி" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் தன் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அதற்குப் பத்தொன்பதாம் நாள் இருவருக்கும் காய்ச்சல். அவன் பிழைத்துக்கொண்டான். அவள் மண்டபத்து வார்டில் போய்ச் சேர்ந்தாள். செய்தி வந்தபோது அவனால் கட்டிலை விட்டு எழக்கூட முடியவில்லை. வாசல் வரைக்கும் தவழ்ந்து போய் அங்கேயே விழுந்து கிடந்தான். அவன் இல்லாமலே அவளை அடக்கம் செய்து முடித்துவிட்டார்கள்.

போன வாரம் ரவிக்குமாரைத் தேடிப் போனான். அன்று அவளைக் குழியில் இறக்கிய நான்கு பேரில் அவனும் ஒருவன். முத்தரசு மனைவியின் படத்தைக் காட்டினான். ரவிக்குமார் அதை வெகுநேரம் பார்த்தான்.

"அன்னைக்கு மட்டும் ஒம்போது பேரு சார். கவசத்துக்குள்ள வேர்வை எறங்கிக் கண்ணே தெரியல. பை மேல பேரு இருந்துச்சு. எது எங்கனன்னு குறிச்சு வைக்கலாம்னுதான் நெனச்சேன். ஆபீஸ்ல குடுத்த தாள்ல அதுக்கு எடமில்லையே சார்."

யார் அந்தத் தாளைத் தயார் செய்தது என்று ரவிக்குமாருக்குத் தெரியாது. முத்தரசும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் ஒன்பது வயது மகள் தீக்ஷா, அம்மாவுக்கு எங்கே சேலை வைத்துக் கும்பிடுவது என்று கேட்கிறாள். நாளைக்குச் சொல்றேன்டா என்று எத்தனை நாள்தான் ஏய்ப்பது.

இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. பின்னாலேயே செம்மலையும் பத்துப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். சொன்ன தேதியில் நிலம் கைக்கு வந்த சந்தோஷம் எல்லோர் முகத்திலும் இருந்தது.

"சொன்ன வாக்கக் காப்பாத்திட்டீக சார்" என்றார் செம்மலை.

முத்தரசு ஏதோ சொல்ல வாயெடுத்து, ஊரே பார்க்க அழுதான். "என் வீட்டுக்காரியும் இதுலதான்யா கெடக்கா. ஒரு மேட்ட மட்டும் விட்ருங்க. உங்க கால்ல வேணாலும் விழுகுறேன்."

கூட்டத்தில் ஒருவர், சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று முனகினார். மறுத்தால் என்னென்ன சொல்லிக் கெஞ்சுவது என்று முத்தரசு இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தான். செம்மலை தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இத முன்னமே சொல்லப்படாதா சார்? ஒரு மேட்ட விட்டா எங்க ஆடு ஒண்ணும் பட்டினி கெடக்காது. வருசா வருசம் வந்து படையுங்க, எவன் கேக்குறான்னு நான் பாத்துக்கிறேன். எதுன்னு மட்டும் காட்டுங்க. சுத்தி வெலக்கி ஓட்டச் சொல்றேன்."

ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். முத்தரசின் வலது கை மெல்ல எழுந்து மூன்றாவது வரிசைப் பக்கம் நீண்டது. அங்கிருந்து அடுத்த மேட்டுக்கு நகர்ந்தது. அப்புறம் அதற்கடுத்ததற்கு. செம்மலையும் ஊர்க்காரர்களும் அவன் விரல் போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.