பெட்டிக்குள் ஒரே பிரதி

இருக்கிறவர்களுக்கும் இனி பிறக்கப்போகிறவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: ஒரு சனிக்கிழமை மாலை ஐந்தே முக்கால் மணிக்கு, ஏசி பாதி மட்டும் வேலை செய்த ஒரு மாநாட்டு அரங்கில், முன்னூறு நாற்காலிகளின் முன்னிலையில் (நூற்றுப்பத்தில் ஆட்கள் இருந்தார்கள்), வீடியோ கேம் கலையா இல்லையா என்ற கேள்வி ஒருவழியாகத் தீர்த்துவைக்கப்பட்டது. தீர்த்துவைத்தவர் ஒரு கேம் டிசைனர்.

துறையில் அவருக்கு 'அறிக்கை' என்று பெயர். பல் துலக்குவதற்குள் ஒன்று விட்டுவிடுவார். "சினிமா செத்து இருபது வருஷம் ஆகிறது, புதைக்கத்தான் ஆள் இல்லை." "நாவல் என்பது ஒரே பாதையில் மட்டும் நடக்கத் தெரிந்த கேம்." "ஸ்கோர் போடுகிறவன் குமாஸ்தா, கலைஞன் அல்ல." வெறும் வாயை மென்றுகொண்டிருந்த பத்திரிகைக்காரர்களுக்கு அவர் வாரந்தவறாமல் அவல் கொடுத்தார்.

அறிக்கைகளை அண்ணன் விட்டார். கேமைத் தங்கை எழுதினாள். ஆறு வருஷ வேலை. வெள்ளம் புகுந்த ஊரில் ஒரு பெண் வீடு வீடாக ஆள் தேடிப் போகிறாள். எதிரி கிடையாது, துப்பாக்கி கிடையாது. தண்ணீர்தான். அந்தத் தண்ணீருக்கு மட்டும் தங்கைக்கு இரண்டு வருஷம் பிடித்தது. விளையாடுகிறவர் எங்கே தயங்கினார், எந்த வீட்டை எட்டிப் பார்க்காமல் கடந்தார் என்பதையெல்லாம் அது மனசில் வைத்துக்கொண்டு ஏறும். லிஃப்ட் பழுதுபார்க்க வந்த மெக்கானிக்கை ஒருநாள் பிடித்து உட்காரவைத்து விளையாடச் சொன்னாள். இருபது நிமிஷத்தில் மனிதர் எழுந்துவிட்டார்.

"இந்தத் தண்ணி என்னையே பார்க்குதும்மா."

தானே சரிசெய்த லிஃப்டில் ஏறாமல் படியில் இறங்கிப் போனார். அப்படி இன்னும் ஆயிரம் பேர் எழுந்து போகவேண்டும். தங்கையின் ஆசை அவ்வளவுதான். வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருந்தது.

அப்போதுதான் அந்த விவாத மேடை. எதிரே உட்கார்ந்தவர் கலை விமர்சகர். நகரத்துக் கலைக்கூடத்தின் தலைவரும் அவரே. எந்தப் படத்தின் முன்னாலும் குரலைத் தாழ்த்திப் பேசிப் பேசி, வீட்டில் காபி கேட்பதைக்கூட ரகசியம் மாதிரி கேட்கிறவர்.

"கையில ரிமோட்டோட உட்கார்றவனுக்குக் கலை எப்படி சார் ஏறும்? கட்டைவிரல்தான் வலிக்கும்," என்றார்.

"அது ரிமோட் இல்ல. கண்ட்ரோலர்."

"பேரை மாத்தினா மோட்சமா?"

சபை சிரித்தது. விமர்சகர் குரலை இன்னும் இறக்கினார். "ஒரு ஓவியம் எரிஞ்சுதுன்னா, உலகத்துல அது இல்ல. அந்தப் பயம் இருக்கறதாலதான் அதுமுன்னாடி நிக்கறோம். உங்க சரக்கு எரிஞ்சா? இன்னொரு காப்பி. சோப்புக்கட்டி மாதிரி. தொலைஞ்சுபோக முடியாதது கலையாக முடியாது."

அறிக்கை மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். அவரை அறிந்தவர்கள் அதற்கே பயந்திருக்கவேண்டும்.

"திங்கட்கிழமை காலை பத்து மணி, என் ஆபீஸ். ஒரே ஒரு பிரதியைத் தவிர அத்தனையும் அழிக்கறேன். அந்த ஒண்ணை உங்க கூடத்துல வைங்க. அப்ப என்ன சொல்வீங்க?"

"கலைன்னு சொல்வேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளைக்கு மைக் வேறு கொடுத்திருந்தார்கள். கேமை விளையாடிக் காட்டுவதற்காக மேடைக்குக் கொண்டுவந்திருந்த கம்ப்யூட்டரை அங்கேயே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மின்சார வயரும் கண்ட்ரோலர் வயரும் மட்டும் ஒரு துளை வழியாக வெளியே வந்தன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நோட்டரி வக்கீல் அரக்கு காய்ச்சி முத்திரை வைத்தார். தங்கை கடைசி வரிசையில் இருந்தாள். கைதட்டாத ஒரே ஜோடிக் கை அவளுடையது.

அவளிடம் ஒரு பழக்கம். எந்தப் பிரதி எடுத்தாலும் எண் போட்டு, எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். ஒன்றுகூட தொலையக்கூடாது என்பதற்காக எழுதிய நோட்டு. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினார். ஒலி அமைத்தவர் வீட்டில் இரண்டு, படம் வரைந்தவரிடம் மூன்று, ஆபீஸ் அலமாரியில் ஆறு. கிடைக்கக் கிடைக்க நோட்டில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தார். மதியம் தங்கை வீட்டு மணி அடித்தது.

உள்ளே வந்தவர் உட்காரவில்லை. "பத்தொன்பது எங்கே?"

"சாப்பிட்டியா அண்ணா?"

"பத்தொன்பதைக் கேட்டேன்."

"துணிக்கடியில இருக்கு. இருக்கட்டுமே. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். நாளைக்கு எவனாவது தோண்டி எடுத்தா நான் ஊர் சிரிக்கற பொய்யன். அதான் வேணுமா உனக்கு?"

"ஆறு வருஷம் அண்ணா. ஒருத்தன்கூட இன்னும் முழுசா விளையாடல."

"பெட்டியில ஒண்ணு இருக்கே! கூடத்துல வரிசையில நின்னு விளையாடட்டும். ஒருத்தர் பின்னால ஒருத்தர். உன் தண்ணி முன்னாடி ஜனங்க கியூவில நிக்கப்போறாங்கடி. சந்தோஷப்படேன்."

அவள் அதைத்தான் யோசித்தாள். ஒரு நாளைக்கு ஐந்து பேர். வருஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு. துணிகளை விலக்கி, தீப்பெட்டி அளவு டிரைவை எடுத்து நீட்டினாள். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். நோட்டில் ஒரு கோடு விழுந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீஸில் பன்னிரண்டு கேமராக்கள். மேஜைமேல் பதினெட்டு டிரைவுகள் வரிசையாக, பிரேதப் பரிசோதனைக்கு வந்தவை மாதிரி கிடந்தன. நோட்டரி எண் படித்தார். அறிக்கை ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் மாட்டி, அழித்து, பிறகு சுத்தியலால் ஒரு போடு போட்டார். ஒவ்வொரு போடுக்கும் ஒரு வாக்கியம். பதினொன்றாவதில் வாக்கியங்கள் தீர்ந்துபோய், பழையதையே திரும்பச் சொன்னார். விமர்சகர் ஜன்னலோரமாக நின்று, ஏதோ சாவுக்கு வந்தவர்போலக் கைகட்டியிருந்தார்.

"எண் ஒன்று. ஆபீஸ் சர்வர்," என்றார் நோட்டரி. மூலப் பிரதி அதில்தான் இருந்தது. பட்டியலில் கடைசியாக வைத்திருந்தார்கள்.

தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன், திருட்டுப் பிரதிகளை எதிர்த்து ஓர் அறிக்கை விட்டார். விட்டதோடு நிற்காமல், கேமுக்கு ஒரு காவல் போடச் சொன்னார். அவளும் போட்டாள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கேம் ஆபீஸ் சர்வரைக் கூப்பிட்டு, "திறக்கட்டுமா?" என்று கேட்கும். சர்வர் சரி என்றால்தான் திறக்கும். பெட்டிக்குள் இருக்கிற பிரதியும் கேட்கும். இன்னும் ஒரு நிமிஷத்தில் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

"அண்ணா, நிறுத்து!" நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினாள். "சர்வரை அழிச்சா பெட்டியில இருக்கறதும் திறக்காது! நீதானே காவல் போடச் சொன்னே! அதை எடுக்கணும், எனக்கு ஒரு மணி நேரம் கொடு!"

அறை கைதட்டியது. பன்னிரண்டு கேமராக்களும் அவள் பக்கம் திரும்பின. யாரோ ஒருவர் தன் பக்கத்து ஆளிடம், "ஒத்திகை பார்த்திருப்பாங்களோ?" என்றார்.

அறிக்கைக்கு மட்டும் விஷயம் புரிந்தது. மவுஸ் மேலிருந்த விரல் நின்றது. முகத்தில் இருந்த வெளிச்சம் எங்கோ போயிற்று. தங்கையைப் பார்த்தார். அவள் தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள்.

"உள்ள இருக்கற வியாபாரி எட்டிப் பார்க்கறான்," என்றார் விமர்சகர், ரகசியமாக. அந்த ரகசியம் பன்னிரண்டு மைக்கிலும் பதிவாயிற்று.

அறிக்கை பொத்தானை அழுத்தினார்.

சர்வரில் ஒரு பச்சை விளக்கு கொஞ்ச நேரம் துடித்தது. பிறகு அதுவும் நின்றது.

புதன்கிழமை கலைக்கூடத்தில் பெட்டியை வைத்தார்கள். தனி அறை, சாம்பல் நிறச் சுவர், மேலிருந்து ஒரே ஒரு விளக்கு. கண்ட்ரோலரை முதலில் தொட்டவர் விமர்சகர். பிடிக்கத் தெரியாமல் தலைகீழாகப் பிடித்திருந்தார். திரை விழித்து, யோசித்து, சொன்னது: 'சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. சிறிது நேரம் கழித்து முயலவும்.'

அவர் முயலவில்லை. நாற்பது நிமிஷம் அதன் முன்னால் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முத்திரையை உடைச்சு எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்க சார்," என்றாள் தங்கை. "சின்ன வேலைதான். காவலை எடுத்துட்டா ஓடும். உள்ள எல்லாம் அப்படியே இருக்கு சார், தண்ணிகூட."

"அம்மா, இது ஒரு படைப்பு. இதுல கைவைக்க யாருக்கும் உரிமையில்ல. செஞ்சவங்களுக்குக்கூட."

"அண்ணா, நீ சொல்லு."

அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே அவர் பெயர். கீழே, என்னென்ன பொருட்களால் ஆனது என்ற இடத்தில்: கண்ணாடி, கம்ப்யூட்டர், அரக்கு, மறுப்பு.

"முடிஞ்சுபோன வேலை அது," என்றார், குரலைத் தாழ்த்தி. "தொடாதே."

விமர்சகர் பதினாலு பக்கக் கட்டுரை எழுதினார். இந்த நூற்றாண்டின் மனிதன் எந்தக் கதவைத் தட்டினாலும் கிடைக்கிற பதில் இதுதான் என்றும், இவ்வளவு துணிச்சலான மௌனத்தை ஓவியம்கூட எட்டியதில்லை என்றும் அதில் நிரூபித்திருந்தார். ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். அறிக்கை, வாரம் இரண்டு நாள் பெட்டியின் பக்கத்தில் நின்று விளக்குகிறார். ஒருவரும் விளையாடாத ஒன்றே தூய்மையான கேம் என்பது புதிய அறிக்கை.

தங்கை இப்போது பல் மருத்துவமனைகளுக்கு டோக்கன் மெஷின் புரோகிராம் எழுதுகிறாள். அது வேலை செய்கிறது.