கையில் கொடுத்த உப்பு

வாயிருந்தும் ஒருவன் ஊமையாக இருக்க முடியுமா? எங்கள் மலையில் பைல் நாட்டு ஊர்க்காரன் மாதேஸ்வரன் இரண்டு வருஷமாக இருந்தான். அவன் ஜீப்பில்தான் எங்கள் மிளகு மூட்டை பேளுக்குறிச்சி சந்தைக்குப் போகும். மூட்டையை ஏற்றுவான், என்னைப் பார்ப்பான், "போயிட்டு வாரேனுங்க" என்பான். அவ்வளவுதான். கட்டிக்கொள்ள முறைப்படி எங்களுக்குள் தடையொன்றும் இல்லை. அவன் வாய்தான் தடை. வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க ராசிபுரத்திலிருந்து வருகிறார்கள். வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை, ஓரிடத்தில் இருப்பும் கொள்ளவில்லை.

அன்றைக்குத்தான் எங்கள் காட்டில் சினிமா எடுத்தார்கள். ராஜா காலத்துக் கதை. உப்பு விற்கிறவன் மலையேறி வருகிறான், மிளகு பறிக்கிறவளுக்கு உப்பு கொடுக்கிறான், அதில் காதல் வந்துவிடுகிறது. ஆனால் கதாநாயகிக்கு ஒட்டவைத்த நகம். கதாநாயகனுக்கு மணிக்கட்டு வரை பச்சை குத்தியிருந்தது. கிட்டத்தில் காட்டுவதற்கு உழைத்த கை வேண்டுமென்று டைரக்டர் தேடினார். மிளகு பறித்துக்கொண்டிருந்த என்னையும், ஜீப்பிலிருந்து லைட் இறக்கிக்கொண்டிருந்த மாதேஸ்வரனையும் பெயர் கேட்டுக்கொண்டு எதிரெதிரே உட்கார வைத்துவிட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன்.

"உப்பை அருள்மொழி உள்ளங்கையில போடுங்க. விரல் படக்கூடாது. ஒரு மிளகு அளவு இடைவெளி இருக்கணும். பட்டுடுமோன்னு படம் பார்க்கிறவங்க தவிக்கணும்" என்றார் டைரக்டர்.

நான் தவிக்கிற தவிப்பு போதாதா?

கையை நீட்டினேன். மாதேஸ்வரன் உப்பை அள்ளினான். அள்ளியவன், பழக்க தோஷத்தில், என் முன்னால் கிடந்த வாழையிலையில் வைத்தான். நானும் இலையிலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

"கட்! ஏங்க கீழ வைக்கிறீங்க?"

"உப்பைக் கையில குடுத்தா சண்டை வருமுங்க" என்றான் மாதேஸ்வரன்.

இரண்டாம் முறையும் உப்பு இலைக்கே போனது. மூன்றாம் முறை அவன் கை பாதி தூரம் வந்து திரும்பிவிட்டது. டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம ராசிபுரத்துக்காரங்க என்னையப் பொண்ணு பார்க்க வாராங்க. தெரியுமுங்களா?"

அவன் பிடியிலிருந்து உப்பு சிந்தியது. "யாரும் சொல்லலீங்களே."

"நீங்க யாரைக் கேட்டீங்க?"

"பேசாதீங்க! ஆக்‌ஷன்!" என்று டைரக்டர் கத்தினார்.

இந்தத் தடவையும் இலையில் வைத்தால் எழுந்து போய்விடுவது, ராசிபுரத்துக்கே தலையாட்டிவிடுவது என்று முடிவு கட்டினேன். கையை நீட்டினேன். அவன் கை வந்தது. இலையைத் தாண்டியது. என் விரலுக்கு ஒரு மிளகு அளவு தள்ளி நின்றது.

"அப்படியே, அப்படியே" என்று டைரக்டர் முணுமுணுத்தார்.

அப்படியே இருக்கவில்லை. உப்போடு சேர்த்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கட்! தொடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

மாதேஸ்வரன் விடவில்லை.

"சண்டை வருமுங்களே" என்றேன்.

"வரட்டுங்க. சண்டை போட ஒரே ஊட்ல இருக்கோணுமில்லீங்க? பொழுது சாயறதுக்குள்ள உங்கப்பாகிட்டப் பேச வாரேன்."

காலையில், மிளகுக்கொடி படர்ந்த கல்யாண முருங்கை மரத்தின் முள் கீறிய விரலில் உப்புப் பட்டு எரிந்தது. நான் கையை எடுக்கவில்லை.