ஓரத்தைப் பார்த்தவள்

டிக்கெட் சன்னலுக்கு முன்னால் நின்றபோது பிலிப்பாவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அப்பா உழுத நிலத்துக்குள் கால் வைக்க மகள் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையைக் காட்டினால் இலவசம்தான். ஆனால் அட்டையில் பேர் இருக்கிறதே! பேரைப் படித்ததும் சன்னலுக்குள் இருப்பவள் "அட, காவலாளி லிபோரியோவோட தங்கச்சியா?" என்று ஊரைக் கூட்டிவிடுவாள். அதனால்தான் கறுப்புக் கண்ணாடி, ஜெர்மனியில் வாங்கிய அகலத் தொப்பி, வெளியூர்க்காரி வேஷம்.

சாந்தா ஒலீவா வில்லாவுக்குள் அவள் முப்பத்தொரு வருஷமாக நுழைந்ததில்லை. அவள் மட்டுமா? சிசிலியை எட்டிப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் பஸ் பஸ்ஸாக இறங்கி, ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ரோமானியப் பண்ணையாரின் வீட்டில் வண்ணக் கற்களைப் பதித்துப் படம் போட்ட தரையைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். மேலே குன்றில் இருக்கும் ஊர்க்காரர்கள் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அந்தத் தரை வெளியே வந்தபோது யார் யார் நிலம் உள்ளே போயிற்று என்று அவர்களுக்குத் தெரியும்.

பிலிப்பாவின் அப்பாவுக்குப் போனது ஏழு ஏக்கர். ஆறுதலுக்கு வீட்டில் ஒருவனுக்குக் காவலாளி வேலை தருகிறோம் என்று அரசாங்கம் காகிதம் அனுப்பியது. அப்பா அதைக் கிழித்து அடுப்பில் போட்டார். அண்ணன் லிபோரியோ மறுநாளே போய்க் காவலாளித் தொப்பியை மாட்டிக்கொண்டான். அது போதாதென்று, முதல் கல்லைக் கண்டதும் அதிகாரிகளிடம் ஓடிப்போய்ச் சொன்னதே அவன்தான் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அன்றிலிருந்து அவனுக்குப் பட்டப்பேர் 'சொன்னவன்'. காபிக் கடைக்குள் அவன் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். திருநாளில்கூட யாரும் அவனுக்குக் கை கொடுப்பதில்லை. அப்பா செத்தபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க வந்தவனை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தியது பிலிப்பாதான். அவன் கொட்டுகிற மழையில் நின்றான். நிற்கட்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள்.

அப்படிப்பட்டவள் இப்போது ஏன் வந்தாள்? வந்துதான் தீரவேண்டியிருந்தது.

பிலிப்பாவும் அவள் புருஷன் வீட்டோவும் ஜெர்மனியில் இருபத்திரண்டு வருஷம் மாடாய் உழைத்தவர்கள். இரும்பு உலையில் நின்று நின்று அவன் முதுகு போயிற்று. மிஞ்சியதைக் கொண்டுவந்து ஓடைக்கு அந்தப் பக்கம் நாலு ஏக்கர் ஹேசல்நட் கொட்டைத் தோப்பு வாங்கினார்கள். அவர்களுக்கு இருப்பது அது ஒன்றுதான். போன வாரம் தண்ணீர்த் தொட்டிக்கு அவள் குழி வெட்டிக்கொண்டிருக்கையில் கடப்பாரை 'ணங்' என்றது. மண்ணைத் தள்ளினாள். சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பொடிக்கற்கள். பின்னல் சடை போல ஒரு பட்டை ஓடியது. பட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு குதிரைக் குளம்பு தெரிந்தது.

"உடைச்சு ஓடையில கொட்டிருவோம்" என்றான் வீட்டோ, கட்டிலில் படுத்தபடியே. உடைக்கப் போவது அவனா?

"சின்ன அறைன்னா ரெண்டு நாள்ல உடைச்சிரலாம். தோப்பு முழுக்க ஓடுதுன்னா? எவ்வளவு பெருசுன்னு தெரிய வேணாமா?" என்றாள் பிலிப்பா. தெரிந்துகொள்ள உலகத்தில் ஒரே இடம்தான் இருந்தது.

வில்லாவுக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டிருந்தார்கள். உள்ளே வெந்தது. இரும்பு நடைபாலத்தில் பிரெஞ்சுக்காரர் கூட்டம் ஒன்று முன்னால் போனது. கீழே தரைப்படங்களில் புலி மானைக் கவ்வியது, மீனவப் பொடியன்கள் தூண்டில் போட்டார்கள், ஒரு வேலைக்காரன் மரத்தடியில் இறைச்சி சுட்டான். சுண்டுவிரல் நகமளவு கற்கள், நேற்றுப் பதித்தது போல. பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை மிருகங்களும் சேர்ந்துதானே அப்பாவின் திராட்சைக் கொடியைத் தின்றன!

அவள் படங்களைப் பார்க்கவில்லை. அறைக்கு அறை ஓரப்பட்டையையே பார்த்துக்கொண்டு போனாள். சின்ன அறைக்கு ஒல்லிப் பட்டை. பெரிய கூடத்துக்கு அகலப் பட்டை. குளியலறைப் பக்கம் நடைபாலம் முடிந்து, தரையை ஒட்டியே நடக்கும் இடம் வந்தது. யாரும் இல்லை. சட்டென்று குந்தி, பட்டையைச் சாண் போட்டு அளந்தாள். ஒன்றரைச் சாண். தோப்பில் இருப்பது இரண்டு. அப்படியானால் இதைவிடப் பெரிய கூடம். நிறம் அதேதானா என்று பார்க்கக் கட்டைவிரலை எச்சிலில் தொட்டு ஒரு கல்லைத் தேய்த்தாள்.

"தொப்பியைக் கழட்டு பிலிப்பா. உனக்குச் சகிக்கல."

திரும்பினாள். தூணோரம் லிபோரியோ நின்றான். மீசை முழுக்க நரைத்திருந்தது.

"டிக்கெட் வாங்கியிருக்கேன். இது பொது இடம்" என்றாள்.

"அதான் கேக்கறேன். உள்ளூர்க்காரிக்கு இலவசம். எதுக்குக் காசு கொடுத்து வாங்கினே?"

"உன் பிச்சை எனக்கு வேணாம்."

"எத்தனை அடி ஆழத்துல இருக்கு?"

"எது?"

"உன் தோப்புல இருக்கிறது. படம் பார்க்க வர்றவங்க படத்தைப் பார்ப்பாங்கடி. புலியைப் பார்த்து ஆ-ம்பாங்க, மீனைப் பார்த்து ஓ-ம்பாங்க. முப்பத்தொரு வருஷத்துல ஓரத்தைச் சாண் போட்டு அளந்தவ நீ ஒருத்திதான். தன் நிலத்துல ஓரம் மட்டும் வெளிய வரக் கண்டவதான் அப்படி அளப்பா. எச்சில் தொட்டுத் தேச்சே பாரு, அது எந்த டூரிஸ்டுக்குத் தெரியும்? மண்ணுக்குள்ள கிடந்த கல்லுக்கு நிறம் பார்க்கிற கை அது. நம்ம ஊர்க் கை."

"நாக்குல நரம்பில்லாம பேசாதே. ஒண்ணும் இல்ல என் தோப்புல."

"இல்லேன்னா எதுக்கு இங்க குந்தி அளந்தே?"

அவ்வளவுதான். பிலிப்பாவுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "போ! போய்ச் சொல்லு! அதுக்குத்தானே சம்பளம் வாங்கறே? அப்பா நிலத்தைக் காட்டிக்கொடுத்து வயிறு வளர்த்தவன். இப்ப தங்கச்சி நிலம். அப்புறம் என்ன, அம்மா கல்லறையையும் தோண்டுவியா?"

பிரெஞ்சுக்காரர்கள் மேலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கீழே மிருகங்கள் சண்டை போட்டது போதாதென்று மனிதர்களும் ஆரம்பித்துவிட்டார்களே என்று நினைத்திருப்பார்கள்.

லிபோரியோவுக்கும் முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை. "நான் சொன்னேனா இல்லையான்னு ஒருநாளாவது என்னைக் கேட்டியா? ஓடை கரையை அறுத்துச்சு. தரை வெளிய வந்துச்சு. பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் பார்த்துட்டுப் போனார். நான் சொல்லலடி. நிலம் எப்படியும் போயிருச்சு, வீட்டுல நாலு வயிறு இருந்துச்சு, தொப்பியை மாட்டினேன். அந்தச் சம்பளத்துலதான் உனக்கு ஜெர்மனிக்கு ரயில் டிக்கெட் எடுத்தாங்க. அப்பா சொல்லலையா?"

"பொய்."

"பொய்யாவே இருக்கட்டும்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சாமான் அறைக்குப் பின்னால் வரச் சொல்லிச் சைகை காட்டினான். வேறு வழி? போனாள்.

"கேளு. எனக்கு இன்னும் ஏழு மாசந்தான் வேலை. இந்த ஏழு மாசம் நான் எதையும் பார்க்கல, எதையும் கேக்கல. ஆனா உடைச்சுக் கிடைச்சுத் தொலைச்சிராதே. உடைச்சா கல்லு சிதறும். ஒரு மழைக்கு ஓடையில வந்து நிக்கும். எவனாவது ஒண்ணே ஒண்ணைப் பொறுக்கி இங்க கொண்டு வந்தான்னா போதும், தோப்பும் போகும், நீயும் உள்ள போவே. மூடிரு. ஓடை மணலைச் சலிச்சு, ஒரு சாண் உயரத்துக்குப் போடு. அதுக்கு மேல மண்ணு. சிமெண்ட் போடாதே. முதல்ல ஈரத்துணியால துடைச்சிடு, வேர் இருந்தா பிடுங்காம கத்தரியால வெட்டு."

பிலிப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ ஏன் எனக்கு இதைச் சொல்றே?"

"உன்மேல கோபம் இல்லேன்னு நினைச்சுக்காதே. நிறைய இருக்கு. அதுக்காக இன்னொரு தோப்பு போகணுமா?" என்றான். பிறகு, "எந்த மூலை?" என்று கேட்டான்.

"கிழக்கு மூலை. தொட்டிக்கு வெட்டின குழி." சொல்லிவிட்டு, போகத் திரும்பியவள் நின்றாள். "வர்றேண்ணே" என்றாள். முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது. அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

வீட்டோவுக்கு நம்பிக்கையில்லை. "சொன்னவன் பேச்சைக் கேட்டுட்டு வந்தியா?" என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும். நீ சும்மா இரு."

மத்தியானம் முழுக்க ஓடையிலிருந்து மணல் சுமந்தாள். நம் ஊர் அரைவேக்காட்டுக் கொத்தனார் வேலை இல்லை, சொன்னபடி செய்தாள். சலித்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் குளம்புக்கு மேலே கால் வந்தது, காலுக்கு மேலே சேணம் வந்தது, கடிவாளத்தைப் பிடித்த ஒரு கை வந்தது. ஐந்து விரலும் நகத்தோடு இருந்தன. அழகுதான், சனியன். வேர்களைக் கத்தரியால் வெட்டினாள். குழந்தைக்குப் போர்த்துவது போல மணலைப் போட்டாள். மேலே மண்ணைத் தள்ளி, காய்ந்த இலையைத் தூவி முடித்தபோது சூரியன் இறங்கியிருந்தது. அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அண்ணனுக்கு ஒரு பை ஹேசல்நட் கொடுத்தனுப்ப வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

காலை பத்து மணிக்கு வெள்ளை ஜீப் ஒன்று தோப்புக்குள் வந்து நின்றது. அதிலிருந்து தொல்லியல் துறைப் பெண் அதிகாரி ஒருத்தி இறங்கினாள். கையில் கோப்புடன் ஒரு போலீஸ்காரர் இறங்கினார். கடைசியாகக் காவலாளித் தொப்பியோடு லிபோரியோ இறங்கினான்.

யாரையும் கேட்காமல் நேராகக் கிழக்கு மூலைக்கு நடந்தான். மண்டியிட்டான். இலையை ஒதுக்கினான், மண்ணை அள்ளினான், மணலை உள்ளங்கையால் மெதுவாகத் தள்ளினான். குதிரை வெளியே வந்தது. ஒரு கல்லுக்குச் சேதமில்லை.

அதிகாரி கைகளைக் கோத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு பிலிப்பாவிடம் வந்தாள். "அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. இந்த ஊர்ல இத்தனை வருஷத்துல தானா முன்வந்து தகவல் கொடுத்தது நீங்க ஒருத்தர்தான். அதுவும் எவ்வளவு பொறுப்பா மணல் போட்டு மூடியிருக்கீங்க! எங்க ஆளுங்களே இப்படிச் செய்ய மாட்டாங்க."

பிலிப்பா நேராக லிபோரியோவின் பக்கம் போனாள். அவன் எழுந்து கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"பாவி" என்றாள், குரல் வெளியே வராமல். "அண்ணேன்னு கூப்பிட்டேனேடா உன்னை."

"கூப்பிட்டே. அப்பா செத்த அன்னைக்குக் கூப்பிட்டிருக்கலாம்." அவனும் தாழ்ந்த குரலில்தான் பேசினான். "உன்னைப் பத்தித் தெரியாதா எனக்கு? மூடுன்னு சொல்லலேன்னா நேத்தே கடப்பாரையால கொத்தியிருப்பே. இப்ப கேளு. உன் பேர்லதான் எழுதிக் கொடுத்திருக்கேன். நீதான் கண்டுபிடிச்சே, நீதான் என்னை அனுப்பினே. ஆமான்னா நிலம் மட்டும் போகும். இல்லேன்னா, தெரிஞ்சே மறைச்சு வெச்சதா ஆகும். அப்ப நீயும் போவே, முதுகு முடியாத உன் புருஷனும் போவான். யோசிச்சுச் சொல்லு."

கல்சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோப்புக்காரன் மெல்கியோரே நின்றிருந்தான். அவன் பெண்டாட்டி நின்றாள். ஜீப் சத்தம் கேட்டுப் பாதையில் போன இரண்டு மூன்று பேரும் நின்றார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு இடத்தில் தோண்ட ஆரம்பித்தால் அடுத்து மெல்கியோரேயின் தோப்புதான்.

போலீஸ்காரர் கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். "அம்மா, வாக்குமூலத்துக்காகக் கேக்கறேன். தகவல் கொடுக்கச் சொன்னது நீங்கதானே?"

வீட்டோ வாசல்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாருடைய கண்ணும் அவள்மேல் இருந்தது.

"ஆமா" என்றாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

மெல்கியோரே சுவரிலிருந்து கையை எடுத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் தரையில் துப்பிவிட்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சன்னலைச் சாத்தினான்.