பூபூஷ் வீட்டுத் துக்கம்

துக்க வீடு கண்ணில் பட்டதும் ஆண்கள் வாய்விட்டு அழுதுகொண்டே ஓட வேண்டும். எங்கள் மலையில் அதுதான் மரியாதை. செத்துப்போன ஜுமாகுல் எனக்குத் தூரத்து உறவு. முகம்கூடச் சரியாக நினைவில்லை. ஆனால் வராத கண்ணீரை வரவழைப்பதில் நான் கெட்டிக்காரன்.

அன்று பனி கொட்டியது. பாதை பிரியும் இடத்தில் இடப்பக்கம்தான் என்று அடித்துச் சொன்னது நான். என் மைத்துனன் தோக்தோசுன் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான்.

வீடு தெரிந்தது. “ஐயோ, என் தம்பியே!” என்று அலறிக்கொண்டு இறங்கி ஓடினோம். வயதான ஒருவர் கதவைத் திறந்து வந்து, வழக்கப்படி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். உள்ளே பெண்களின் ஒப்பாரி இல்லை. முற்றத்தில் குதிரைகள் இல்லை, துக்கக் கூடாரமும் இல்லை. என் அலறல் பாதியில் நின்றது.

“மச்சான், வீடு மாறிப்போச்சு,” என்று தோக்தோசுன் காதைக் கடித்தான். “அங்க அடக்கம் பண்ணிடுவாங்க, வாங்க.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் பிடியை விடவில்லை.

“நீங்க பக்கத்து வீட்டுக்கு வந்தவங்கன்னு பாத்ததுமே தெரிஞ்சுடுச்சுய்யா. என் பொண்டாட்டி பூபூஷ் செத்தப்ப பனி சரிஞ்சு பாதை மூடிக் கெடந்துச்சு. நானே குழி வெட்டினேன். பாதை தெறந்தப்ப ஆடு குட்டி போடுற காலம், அவங்கவங்களுக்கு வேல. ஒருத்தரும் வரல. வந்தது வந்துட்டீங்க, அவளுக்கும் கொஞ்சம் அழுதுட்டுப் போங்களேன்.”

தோக்தோசுன் வண்டியைப் பார்த்தான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. நானும் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பூபூஷ், தாயே!” என்று கூப்பிட்டேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. உறைந்த மண்ணில் இவர் ஒற்றை ஆளாகக் குழி வெட்டியது கண்முன் வந்து நின்றது. நெஞ்சு வலிக்க அழுதேன். தோக்தோசுனும் அழுதான். பிறகு அவர் கொடுத்த ரொட்டியைப் பிட்டுத் தின்று, அவளுக்காகக் கையேந்தி வேண்டிக்கொண்டோம்.

ஜுமாகுல் வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அவருடைய அண்ணன் எங்கள்மேல் பாய்ந்தார்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? மண்ணே போட்டாச்சு! எங்கய்யா போயிருந்தீங்க?”

“வர்ற வழியில இன்னொரு துக்கம். பூபூஷ் வீட்ல.”

“அது போன வருஷம்ல?”

“எங்களுக்கு இன்னைக்குத்தான்.”

இன்னும் திட்ட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

“இந்தா இருக்கு பூபூஷ் வீடு,” என்றார். “எங்க வீட்லேருந்தும் யாரும் போகலய்யா.”