சட்டைப்பைக்குள் மோதிரம்

இராக்காவல் வேலையை விட்ட பிறகு அவனுக்கு மிஞ்சியது ஆட்களைச் சோதிக்கும் ஒரு கையடக்க மெட்டல் டிடெக்டர்தான். மாலையானால் அதை வைத்துக் கடற்கரை மணலைத் தடவிக்கொண்டிருப்பான். சோடா பாட்டில் மூடிக்கும் தங்கத்துக்கும் அது ஒரே மாதிரிதான் கத்தும். அதனால் அவன் இதுவரை தோண்டி எடுத்ததெல்லாம் மூடிகள்தான்.

நாயோடு நடக்க வரும் டீச்சர் அங்கே மோதிரத்தைத் தொலைத்திருந்தாள். "என்னண்ணே, கிடைச்சுதா?" என்று தினமும் வந்து நிற்பாள். நாள் முழுக்க அவனோடு பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

இன்று மோதிரம் கிடைத்தது. அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கொடுத்துவிட்டால் நாளைக்கு அவள் எதற்கு நிற்கப் போகிறாள்?

"இன்னைக்கும் மூடிதாம்மா" என்றான்.

"உங்க மிஷினுக்குக் காது கேக்கலண்ணே. குடுங்க பாப்போம்." சிரித்துக்கொண்டே அதைப் பிடுங்கியவள், "கையத் தூக்குங்க, செக்கிங்!" என்று அவன் மேலேயே ஓட்டினாள். நெஞ்சருகே அது வீலென்று கத்தியது.

"பையில என்னண்ணே?"

மூடி என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஆனால் அவன் கை மோதிரத்தை எடுத்து நீட்டிவிட்டது.

அவள் சிரிப்பு நின்றது. "எப்பக் கிடைச்சுது?"

"நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

மோதிரத்தை வாங்கிக்கொண்டு மிஷினை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவன் மறுபடி மணலைத் தடவினான். மிஷின் கத்தியது. தோண்டிப் பார்த்தான். மூடிதான். என்ன கிடைத்தது என்று கேட்க யாரும் இல்லை.