கண்ணாடிக் காசு

பதினெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். எழிலரசன் சின்னக்கண்ணு மேஸ்திரிக்குத் தரவேண்டிய கடன் அது. லோடு வண்டியின் முன்கண்ணாடிக்குப் பதினாலாயிரம், ரெண்டு நாள் வண்டி ஓடாததுக்கு நாலாயிரம், மீதி எழுநூற்றைம்பது டிரைவர் பயந்துபோனதுக்கு மந்திரித்த செலவு. ஊரில் நாலு பேர் உட்கார்ந்து பேசி முடித்த கணக்கு. அந்த நாலு பேரும் மேஸ்திரி வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டேதான் பேசினார்கள்.

கடன் தம்பி பேரில். கட்டவேண்டியவன் அண்ணன் கலியபெருமாள். மேஸ்திரியிடம்தான் அவனுக்குக் கான்கிரீட் வேலை. ஜல்லியும் கலவையும் சுமந்து சுமந்து ஒரு தோள் இறங்கிப்போன ஆள்.

எழிலரசனுக்குக் காதில் குரல் கேட்கும். கூரைமேல் ரெண்டு பேர் உட்கார்ந்திருப்பார்களாம். ஒருத்தன் திட்டுவான், ஒருத்தி சிரிப்பாள். பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிறார்கள். சாப்பிட்டால் குரல் தூரமாய்ப் போய்விடும். மாத்திரையை விட்டிருந்த ஒரு நாள் தவளக்குப்பம் கூட்டுரோட்டில் நின்ற மேஸ்திரி வண்டியின் கண்ணாடிக்குள்ளிருந்து அவள் சிரித்திருக்கிறாள். ஹாலோபிளாக் துண்டு ஒன்றைத் தூக்கி அடித்துவிட்டான்.

அன்றிலிருந்து டீக்கடையில் கலியபெருமாளைப் பார்க்கும்போதெல்லாம் மேஸ்திரிக்கு ஒரு விளையாட்டு. "உன் தம்பி காதுல பேசுறவன்கிட்ட கேட்டுச் சொல்லேன், என் காசு எந்தத் தேதிக்கு வரும்னு. அவனாச்சும் நாணயமான ஆளா இருப்பான்" என்பார். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கலியபெருமாளும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சிரிக்காவிட்டால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்.

கடைசியில் மேஸ்திரி தவணை வைத்துவிட்டார். மாசக் கடைசிக்குள் முதல் தவணையாக ஐயாயிரம் வரவேண்டும். இல்லாவிட்டால் நோணாங்குப்பத்தில் எழும்புகிற ஓட்டல் வேலைக்கு வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த நேரத்தில்தான் மாத்திரை வாங்குகிற வரிசையில் ஹேமலதா டாக்டர் அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் பார்த்தது. சின்ன வயசுப் பெண். மண்டையைப் படம் எடுக்கும் ஆராய்ச்சியில் இருக்கிறார். குரல் கேட்கிறவரின் மூளையையும், கூடப் பிறந்து குரல் கேட்காதவரின் மூளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். ரெண்டு பேரும் ரெண்டு தடவை வந்து மிஷினில் படுத்தால், வேலை கெடுகிறதுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து ஆறாயிரம். ரெண்டாவது தடவை முடிந்ததும் கையில் கிடைக்கும். ஒருவர் விட்டுவிட்டாலும் ஜோடி கணக்கில் சேராது.

ஊசி இல்லை, ஷாக் இல்லை, பிடிக்கவில்லை என்றால் பாதியில் எழுந்து போகலாம் என்று டாக்டர் எழிலரசனிடம்தான் முகம் பார்த்துச் சொன்னார். அவனும் தலையாட்டினான். இதே மிஷினில் ஜெயிலில் இருக்கிற சிலரையும் படுக்கவைக்கிறோம், அடுத்தவர் வலியைப் பார்த்தால் சிலருக்கு ஏன் மனசு அசைவதே இல்லை என்று கண்டுபிடிக்கத்தான் என்றும் சொன்னார்.

"கொலைகாரன் படுத்த எடத்துலயா நானும் படுக்கணும்?" என்றான் கலியபெருமாள்.

"துடைச்சுட்டுத்தான் படுக்கவைப்போம்" என்று டாக்டர் சிரித்தார்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. அந்த மிஷின் பெரிய காந்தம். உடம்பில் பொட்டு இரும்பு இருக்கக்கூடாது. எழிலரசன் இடுப்பில் கறுப்பு அரணாக்கயிறு, அதில் ஒரு இரும்புச் சாவி, ஒரு தகட்டுத் தாயத்து. கழற்ற வேண்டும் என்றதும் அவன் ரெண்டு கையாலும் முடிச்சைப் பிடித்துக்கொண்டான். ஆம்பளை இடுப்பிலிருந்து அந்தக் கயிற்றை மொத்தமாய் எடுப்பது பிணத்தைக் குளிப்பாட்டும்போதுதான். கூரைமேல் இருப்பவனும் அதையே சொல்லிவைத்திருந்தான்: கயிறு போனால் நீ பிணம்.

டாக்டர் வற்புறுத்தவில்லை. எங்கள் வீட்டிலும் கட்டுகிறவர்கள்தான் என்றார். "புதுக்கயிறு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. இரும்பு இல்லாம, வெறும் நூல். மொதல்ல அதைக் கட்டுங்க, அப்புறம் பழசை எடுங்க. இடுப்பு வெறுமையா இருக்காது. சரியா?" எழிலரசன் வெகுநேரம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் சரி என்றான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கலியபெருமாள் ஆஸ்பத்திரி வாசலில் சிவப்புக் கயிறு ஒன்றும் பிளேடு ஒன்றும் வாங்கினான். முதலில் அவன் முறை. காதை அடைத்துக்கொண்டு உள்ளே போனான். குழாய்க்குள் படுக்கவைத்து, கண்ணுக்கு மேலே கண்ணாடியில் படம் காட்டினார்கள். கதவிடுக்கில் நசுங்குகிற விரல், கத்தி இறங்குகிற உள்ளங்கை. கலவை மிஷினில் விரல் போனவனை நேரிலேயே பார்த்தவன் அவன். சும்மா பார்த்துக்கொண்டு கிடந்தான். வெளியில் டமடமவென்று சென்ட்ரிங் பலகை பிரிக்கிற சத்தம் மாதிரி கேட்டது. ஐயாயிரம் போக ஆயிரம் மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு துணி மாற்றுகிற அறைக்குத் தம்பியைக் கூட்டிப்போனான். சிவப்புக் கயிற்றை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போடப் பார்த்தான். சிமெண்ட் தின்ற விரல், வெடித்து மரத்துக் கிடந்தது. மெல்லிசு நூல் பிடிபடவில்லை. எழிலரசனும் ஓரிடத்தில் நிற்காமல் நெளிந்தான். முடிச்சு ரெண்டு தரம் நழுவியது. வெளியிலிருந்து அட்டெண்டர், அடுத்த ஆள் வரலையா, நேரம் போகுது என்று கதவைத் தட்டினார்.

"மொதல்ல புதுசுண்ணே. புதுசு நின்னாத்தான் பழசு" என்று எழிலரசன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

கலியபெருமாளுக்கு எங்கிருந்து வந்ததோ ஆத்திரம். கண்ணாடி, மேஸ்திரி, பெஞ்சில் சிரிக்கிறவர்கள், இத்தனை வருஷமாய் இவனுக்காக நின்ற வரிசைகள் எல்லாம் சேர்ந்து கைக்கு வந்தது. பழைய கயிற்றுக்குள் பிளேடை விட்டு ஒரே இழுப்பு. சாவி தரையில் விழுந்து கிணீரென்றது.

"இப்ப செத்தா போயிட்ட? போய் படுடா."

எழிலரசன் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தான். சிவப்புக் கயிறும் கீழே விழுந்து கிடந்தது. அதை எடுத்துக் கட்ட ஒரு நிமிஷம் ஆகாது. அட்டெண்டர் மறுபடி தட்டவே, கலியபெருமாள் அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான்.

படம் எடுத்து முடித்தபின் டாக்டர் சந்தோஷமாக வந்தார். இத்தனை பேரைப் படம் எடுத்ததில் எழிலரசனைப்போல் ஆடாமல் அசையாமல் படுத்தவர் யாருமே இல்லை, படம் கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது என்றார். கயிறு கட்டியாச்சா என்று கேட்டார். கலியபெருமாள் ஆச்சு என்றான். பிறகு, தன் மண்டை எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டான்.

"உங்க படத்துல கோளாறு ஒண்ணும் இல்ல. ஆனா ஒருத்தர் படத்தை மட்டும் வெச்சு அவர் நல்லவரா கெட்டவரான்னு சொல்ல முடியாது. நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தாத்தான் ஏதாவது தெரியும்" என்றார்.

முதல் வாக்கியத்தை மட்டும் கலியபெருமாள் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

அன்று ராத்திரியிலிருந்து எழிலரசன் சோறு தொடவில்லை. கலியபெருமாளின் மனைவி சந்திரகலா தட்டை அவன் பக்கம் நகர்த்தி நகர்த்தி வைத்தாள். செத்தவன் சாப்பிட்டால் அண்ணிக்கு ஆகாது என்று மட்டும் அவன் சொன்னான். மாத்திரையும் இறங்கவில்லை. தண்ணீரை வாயில் ஊற்றினால் பாதி உள்ளே போகும், பாதி கழுத்தில் வழியும். கூரைமேல் பேசுகிறவர்கள் போய்விட்டார்களாம். செத்த வீட்டில் அவர்களுக்கு என்ன வேலை என்றான். நாள் முழுக்கச் சுவர் ஓரமாய் நீட்டிப் படுத்துக் கிடந்தான். எப்போது தூக்குவீர்கள் என்று ஒரு தடவை கேட்டான்.

சந்திரகலா ரெண்டாம் நாளே சொல்லிவிட்டாள், அந்த டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்கள் என்று. ஏதாவது மாற்றம் தெரிந்தால் எந்த நேரமும் கூப்பிடலாம் என்று அவர் நம்பர் கொடுத்திருந்தார். கலியபெருமாள் நம்பரை எடுத்துக்கூடப் பார்த்தான். போட்டால் வார்டில் சேர்த்துக்கொள்வார்கள்; ரெண்டாவது படம் நடக்காது; ஜோடி போய்விடும், ஆறாயிரமும் போய்விடும், வேலையும் போய்விடும். வருகிற செவ்வாய்க்கிழமை ரெண்டாவது படம் முடிந்ததும் அங்கேயே சேர்த்துவிடுகிறேன் என்றான்.

"அதுவரைக்கும் இருக்கணுமே" என்றாள் அவள்.

செவ்வாய்க்கிழமை காலையில் தம்பியை உட்காரவைத்து, எதிரில் குந்தி, தன்மையாகப் பேசினான். அவ்வளவு தன்மையாக அவனிடம் பேசி வருஷக்கணக்காகியிருக்கும்.

"எழிலு. நீ செத்துட்ட. சரிதானே?"

எழிலரசன் நிம்மதியாகத் தலையாட்டினான். ஒரு வாரத்தில் ஒருத்தராவது ஒத்துக்கொண்டார்களே என்கிற மாதிரி.

"செத்தவன் வாயத் தொறந்து பேசுவானா? அந்தம்மா என்னா கேட்டாலும் நீ பேசக்கூடாது. படுத்துட்டு எந்திரிச்சு வரணும், அவ்வளவுதான். தெரியுதா?"

அவன் பேசவில்லை. அப்போதே ஆரம்பித்துவிட்டான்.

டாக்டர் எழிலரசனைப் பார்த்ததும் முகம் மாறினார். ஏன் இப்படி வற்றிப்போயிருக்கிறார், சாப்பிடுகிறாரா, மாத்திரை போடுகிறாரா என்று கேட்டார். அமாவாசை விரதம், பிடிவாதக்காரன் என்று கலியபெருமாள் முந்திக்கொண்டான். இப்படி இருக்கும்போது படம் வேண்டாம் என்று டாக்டர் தயங்கினார். எழிலரசன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தானே போய் மிஷின் பலகையில் படுத்துக்கொண்டான். எழிலரசன், சம்மதமா என்று பேர் சொல்லிக் கேட்டார் டாக்டர். அவன் தலையாட்டினான்.

முடிந்ததும் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இன்றைக்கே, வீட்டுக்குப் போகிறதுக்கு முன்னால், வார்டு டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும் என்று ரெண்டு தரம் சொன்னார். கலியபெருமாள் சரிங்க மேடம் என்றான். வார்டு வாசலில் வரிசை படிக்கட்டுவரை நின்றது. காசை மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டு நாளைக்கு வந்துகொள்ளலாம் என்று தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினான்.

தவளக்குப்பம் டீக்கடையில் மேஸ்திரி இருந்தார். அன்று கான்கிரீட் முடிந்த நாள். ஆட்கள் எல்லாரும் கூலி வாங்கிக்கொண்டு நின்றார்கள். கலியபெருமாள் பைக்குள் கையை விட்டான். பணத்தை எடுப்பதற்குள் மேஸ்திரி தம்பியைப் பார்த்துவிட்டார்.

"என்னாடா கலெக்டர், எங்கடா என் கண்ணாடிக் காசு?"

வாயைத் திறக்கக்கூடாது என்றது டாக்டரிடம்தானே. எழிலரசன் மரியாதையாகச் சொன்னான்.

"நான் செத்துட்டேன் மேஸ்திரி."

கடை ஒரேயடியாய்ச் சிரித்தது.

"எப்படா செத்த? எனக்குச் சொல்லவே இல்ல?"

"போன செவ்வாக்கிழமை. எங்க அண்ணன்தான் கயிறு அறுத்தாரு."

சிரித்துச் சிரித்து மேஸ்திரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு எழுந்தார். செத்தவனிடம் கடன் கேட்கிற பழக்கம் என் பரம்பரையிலேயே கிடையாது, ஆனால் சாவு என்றால் முறையாக எடுக்கவேண்டும் என்றார். கலியபெருமாள் பக்கம் திரும்பினார்.

"இவனைப் படுக்கவெச்சு நாலு பேர் முன்னால முறை செஞ்சுடு. மொத்தமும் தள்ளுபடி. எல்லாரும் சாட்சி. என்னா சொல்ற?"

பைக்குள் கலியபெருமாளின் விரல் ஆறாயிரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதோடு, போன வாரம் சுருட்டிப் போட்ட அதே சிவப்புக் கயிறும். ஐயாயிரம் கொடுத்தால் பதிமூன்றாயிரத்து எழுநூற்றைம்பது நிற்கும். கொடுக்காவிட்டால் ஒன்றும் நிற்காது. கையை வெறுமையாய் வெளியே எடுத்தான்.

"படுடா" என்றான் தம்பியிடம்.

ரெண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டார்கள். எழிலரசன் யாரும் பிடிக்காமலே படுத்து, கையைப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டான். மேஸ்திரி வண்டி முகப்பில் காய்ந்து கிடந்த மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். ஒருத்தன் பார்சல் நூலால் கால் பெருவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டினான். மேஸ்திரி நெற்றியில் ஒரு ரூபாயை ஒட்டினார். எண்ணெய் டின்னை எடுத்து ஒருத்தன் சாவுமேளம் அடித்தான். கலியபெருமாள் தோளில் தண்ணீர்க் கேனை வைத்து, பின்னால் ஆணியால் குத்தி ஓட்டை போட்டார்கள். அவன் தண்ணீர் ஒழுக ஒழுக மூணு சுற்று வந்தான். முதல் சுற்றில் எல்லாரும் சிரித்தார்கள். ரெண்டாவது சுற்றில் டின் அடித்தவன் மட்டும் சிரித்தான். மூணாவது சுற்றில் ஒரு ஈ எழிலரசனின் உதட்டில் உட்கார்ந்து, உள்ளே நடந்துபோய்த் திரும்பி வந்தது. உதடு அசையவில்லை. இமை அசையவில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க ரெண்டு பேர் கிட்டே வந்து குனிந்தார்கள். டின் சத்தம் தானாக நின்றது.

"எழுப்புங்கடா அந்தப் புள்ளைய" என்றாள் எதிரில் பூ விற்கிறவள். யாரும் அவனைத் தொடவில்லை.

மேஸ்திரிக்கும் வேர்த்திருந்தது. "சரி சரி, போதும். பதினெட்டாயிரத்து எழுநூத்தம்பதும் தள்ளுபடி. இனி ஒரு பைசா கேக்கமாட்டேன், போதுமா?" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, நெற்றியிலிருந்த ஒரு ரூபாயை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். மற்றவர்களும் ஒவ்வொருவராய்க் கலைந்தார்கள்.

கலியபெருமாள் கால் விரல் கட்டை அவிழ்த்தான். பையிலிருந்து சிவப்புக் கயிற்றை எடுத்தான். பெஞ்சுக்கும் முதுகுக்கும் நடுவில் கையை விட்டு இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தான். உடம்பு சில்லென்று இருந்தது. இந்தத் தடவை முடிச்சு விழுந்தது.

"எந்திரிடா. கட்டியாச்சு பாரு. எந்திரி எழிலு."

எழிலரசன் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் ஒட்டிப் பிரிந்தது.

"கடன் தீந்துடுச்சில்லண்ணே. இனிமேலாச்சும் தூக்குங்க."